கண்ணாடியில் படியும் மூச்சு

மாணவர்களே, ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை, என்னிடம் முன்னாளில் பயின்ற ஒருவர் தம் காரில் என்னை ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு மீன் வாங்க அழைத்துச் சென்றார். பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயரைத் தாங்கிய குப்பம் அது. நல்ல மழை. காருக்குள் நால்வர் இருந்தோம். காலடியில் நனைந்த குடைகள். குளிர்கிறதென்று குளிர்சாதனத்தையும் நிறுத்தி, கண்ணாடிகளை இறுக மூடியிருந்தோம்.

குப்பத்துச் சாலையில் திரும்பியதும் முன்கண்ணாடி பாலாடை போர்த்தாற்போல் வெளுத்துவிட்டது. வைப்பர் ஓடியும் பயனில்லை. நண்பர் கையால் துடைத்தார். துடைத்த அந்த இடைவெளியில்தான், தலையில் கூடையோடு ஓர் அம்மையார் எதிரே வருவது தெரிந்தது. வண்டி நின்றுவிட்டது. அவர் எங்களை ஏசியதும் நியாயமே.

மழை வெளியே பெய்ய, கண்ணாடி உள்ளே நனைவானேன்? ஒரு கனமீட்டர் காற்று 30 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமே தாங்கும். நம் மூச்சோ ஈரம் மிக்கது. மூடிய காருக்குள் அது சேர்ந்துகொண்டே போகிறது. மழையால் குளிர்ந்த கண்ணாடியை அக்காற்று தொடும்போது, தாங்க இயலாத நீரை நுண்துளிகளாக அங்கே இறக்கிவைக்கிறது. காற்று நீரைக் கைவிடத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பர். புல்லில் பனி படிவதும் இவ்வாறே. அதனை விளக்கி வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர் 1814-இல் நூல் எழுதினார்.

ஆகவே துடைப்பது மருந்தன்று. கையின் எண்ணெய்ப் பசைதான் கண்ணாடியில் மிஞ்சும். உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்றவேண்டும். உட்காற்றையே சுழலவிடும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே விடுக. குளிர்சாதனத்தை ஓடவிட்டு அதன் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புக. அதன் குளிர்ந்த குழாய்களில் காற்றின் ஈரம் படிந்து வடிந்துவிடும். காரின் அடியில் சொட்டும் நீர் அதுவே. வண்டி பழுதாயிற்றென்று அஞ்சி மெக்கானிக்கிடம் ஓடியவர்களை நான் அறிவேன்! குளிர் மிகுந்தால் வெப்பத் திருகியைச் சிறிது திருப்பலாம். உலர்ந்த காற்று வெதுவெதுப்பாக வந்தால் கண்ணாடி இன்னும் விரைவில் தெளியும். குளிர்சாதனம் இல்லாத வண்டியில், சாரல் அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிடுக.

நம் கடற்கரையில் இதற்கு நேர்மாறான மங்கலும் உண்டு. புழுக்கமான இரவில் குளிர்காற்று நெடுநேரம் கண்ணாடியில் பட்டால், கடற்காற்றின் ஈரம் வெளிப்புறத்தில் படியும். விரலால் தொட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் என்பது விளங்கும். வெளிப்புறமானால் வைப்பரே போதும். குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து வேறு பக்கம் திருப்பிவிடவேண்டும்.

அன்று பொத்தானை மாற்றியபின் சற்று நேரத்தில் சாலை தெரிந்தது. ஏசிய அம்மையாரிடமே வஞ்சிரம் வாங்கினோம். ஈரக் குடைகளையும் மீன்பையையும் டிக்கியில் வைத்துவிட்டுத் திரும்பினோம்.