உங்களுக்குத் தெரியுமா? கவ்வாத்துக் கத்தி கறுக்கும், டைட்டானியம் கறுக்காது

வட்டகொடைப் பக்கத்து மலைகளில் கவ்வாத்து வெட்டியவர்களுக்குப் பழகிய காட்சி இது: தீட்டிப் பளபளத்த கத்தி, தேயிலைச் சாறு பட்டதும் கறுத்துப்போகும். சாறு லேசான அமிலத்தன்மை உடையது. அதிலுள்ள பொலிபினோல்கள் இரும்போடு சேர்ந்து கருநீலச் சேர்மமாகின்றன. டைட்டானியத்தில் செய்த கத்தி அப்படிக் கறுக்காது. (அந்த விலைக்கு எந்தத் தோட்டமும் வாங்கித் தராது என்பது வேறு விஷயம்.)

டைட்டானியம் ஒன்றும் சாதுவான உலோகம் அல்ல. தாக்கம் மிகுந்தது என்பதால்தான் தப்பிக்கிறது. காற்றோ நீரோ பட்ட கணமே டைட்டானியம் டயொக்சைட்டுப் படலமொன்றைப் போர்த்திக்கொள்கிறது. தடிப்பு சில நனோமீற்றர்தான். கீறினாலும் ஈரமோ ஒட்சிசனோ இருந்தால் உடனே மூடிக்கொள்ளும்.

அமிலங்களிடம் இந்தப் படலம் தாக்குப்பிடிப்பது அமிலத்துக்கு அமிலம் மாறும். நைத்திரிக் அமிலம் ஒட்சியேற்றும் தன்மையுடையது. ஆகவே பொதுவாகப் படலத்தைக் காக்கவே செய்கிறது. சூடான, செறிந்த ஐதரோகுளோரிக், சல்பூரிக் அமிலங்கள் அப்படியல்ல. படலத்தைக் கரைத்து உலோகத்தையும் தின்னும். ஆனால் அமிலத்தில் கொஞ்சம் பெரிக் அயன் கலந்திருந்தால் அரிப்பு பெருமளவு குறைந்துவிடும். கத்தியில் தோற்ற இரும்பு இங்கே காவலுக்கு வருகிறது! உலோகத்தோடு 0.12 முதல் 0.25 சதவீதம் பல்லேடியம் கலப்பதும் ஐதான அமிலங்களில் நன்கு உதவும். ஐதரோபுளோரிக் அமிலத்திடம் மட்டும் இவை எதுவும் பலிக்காது. ஐதான கரைசலே படலத்தைக் கரைத்துவிடும்.

இந்தப் படலத்தின் சேர்மமே இயற்கையில் ரூட்டைல் என்ற கனிமம். திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட்டுடன் அது கிடைக்கிறது. வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை தருவதும் இதே டைட்டானியம் டயொக்சைட்டுதான்.