குண்டுக்குப் பள்ளம், நச்சுக்காற்றுக்கு மேடு

பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரக் கிராமம் ஒன்றில், சனசமூக நிலையத்தில் முதலுதவி பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "ஊருக்குள் திடீரென்று மூக்கை எரிக்கும் நெடியோடு மஞ்சள் புகை வருகிறது. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஆச்சி யோசிக்கவே இல்லை. "பங்கருக்குள்ள ஓடி இறங்குவம் தம்பி, வேறென்ன?" என்றார். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

பதுங்கு குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு உயிர் தப்பிய சனத்தின் பதில் அது. ஷெல்லுக்கு அது சரியான பதில். நச்சு வாயுவுக்கோ அதுவே உயிரைப் பறிக்கும் பதில்.

குளோரின் வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. வெள்ளத்தைப் போலத் தாழ்ந்த இடம் தேடி இறங்கும். கிடங்கு, வாய்க்கால், கிணறு, பதுங்கு குழி எல்லாவற்றிலும் போய்த் தங்கி நிற்கும். ஆகவே குண்டு வந்தால் பள்ளம், நச்சுக்காற்று வந்தால் மேடு. வன்னியில் ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்களும் பிள்ளைகளும் இதை அறிந்திருக்க வேண்டும்.

இது எங்கோ நடக்கும் கதையல்ல

1990 ஜூன் 18ஆம் திகதி, மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரான் இராணுவ முகாம் மீதான தாக்குதலில் விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினார்கள். வாயு, ஒரு காகித ஆலையிலிருந்து எடுத்த கொள்கலன்களில் இருந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட படையினர் பாதிக்கப்பட்டார்கள். காற்றுத் திரும்பியதும் வாயுவின் ஒரு பகுதி, அதைத் திறந்துவிட்டவர்கள் பக்கமே வந்தது. அரசு அல்லாத ஓர் அமைப்பு போரில் இரசாயனத்தைப் பயன்படுத்திய முதல் சம்பவங்களில் ஒன்றாக உலக ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். நச்சுக்காற்றுக்குச் சீருடை தெரியாது, எல்லைக்கோடு தெரியாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமே அது போகும்.

அந்தக் குளோரின் வன்னிக்குப் புதிய பொருளும் அல்ல. ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் இன்றும் கிளிநொச்சியில் இருக்கிறார்கள். 1950களில் எழுந்த அந்த ஆலை 1980களின் நடுவில் போரால் நின்றுபோனது. இன்றும் குடிதண்ணீரைச் சுத்திகரிக்கக் குளோரின் வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்குப் போடும் வெள்ளைப் பவுடரும் அதன் உறவுதான். நம்மைக் காக்கும் பொருளே கைமாறினாலோ, கவனம் தப்பினாலோ நம்மைக் கொல்லும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து நித்திரையைத் தொலைக்க வேண்டாம். வன்னியில் நாளைக்கே ஒருவர் நச்சுவாயுவைத் திறந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. ஏ9 வீதியில் இரசாயனம் ஏற்றிய லொறி ஒன்று குடைசாய்வதற்கான வாய்ப்புத்தான் அதிகம். வயலில் கிருமிநாசினி தலைக்கேறுவது அதைவிட அதிகம். ஆனால் மூன்றுக்கும் வேண்டிய ஆயத்தம் ஒன்றேதான். விபத்துக்கு ஆயத்தமாக இருக்கும் ஊர், சதிக்கும் ஆயத்தமாகவே இருக்கும்.

தாக்குதலும் தொற்றும் ஒரே முகத்தோடு வரும்

இரசாயனம் நிமிடங்களில், மணித்தியாலங்களில் தன்னைக் காட்டிவிடும். கிருமி அப்படியல்ல. நாட்கள் எடுத்து, சாதாரணக் காய்ச்சல் போலவும் வயிற்றோட்டம் போலவும் வரும்.

1984இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றில் 751 பேருக்கு வயிற்றுநோய் கண்டது. உணவகங்களின் சலட் தட்டுகளில் சல்மொனெல்லா கிருமி இருந்தது. உணவைக் கையாண்டவர்களின் சுத்தக்குறைவு என்றே முதலில் முடிவு கட்டினார்கள். உள்ளூர்த் தேர்தலில் வாக்காளர்களை முடக்குவதற்காக ரஜனீஷ் என்ற சாமியாரின் ஆச்சிரமத்தைச் சேர்ந்தவர்கள் வேண்டுமென்றே கலந்தது என்பது வெளிவர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

இனி நமது பக்கம் வருவோம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்து உயிர்கள் போயின. "மர்மக் காய்ச்சல்" என்று ஊரெல்லாம் பேச்சு. மாதிரிகளைப் பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. மழைவெள்ளத்தில் எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் நின்றவர்களைப் பிடிக்கும் நோய் அது. பெயர் தெரிந்த அன்றே மர்மம் போய்விட்டது, செய்ய வேண்டியதும் தெளிவாகிவிட்டது.

இரண்டு இடத்திலும் கிருமியை இனங்காட்டியது ஆய்வுகூடமும் பதிவும்தான். நமது நாட்டில் அந்தப் பதிவின் முதல் கண்ணி ஒரு சிறிய அட்டை. அறிவிக்கப்பட வேண்டிய தொற்றுநோய் என்று வைத்தியர் சந்தேகித்தவுடனேயே, உறுதியாகும் வரை காத்திராமல், எச் 544 என்ற அட்டையை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்ப வேண்டும். அதை வைத்துக்கொண்டுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) உங்கள் படலைக்கு வருகிறார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று மாவட்டம் மாவட்டமாக அந்தக் கணக்கு கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய், வாராந்த அறிக்கையாக வெளிவருகிறது. வழக்கத்துக்கு மாறாக ஒரு கிராமத்தில் நோய் குவிந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த அட்டைதான்.

ஆகவே பி.எச்.ஐ. வந்து "எங்கே போனீர்கள், எந்த வயலில் இறங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று நாள் காய்ச்சலைக் கடையில் வாங்கிய குளிசையோடு மூடிவைக்காதீர்கள். வயல் வேலை செய்பவர், அதிலும் நீரிழிவு உள்ளவர், இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமியை, உயிரியல் ஆயுதமாகப் பயன்படலாம் என்று அஞ்சும் பட்டியலில் உலக நாடுகள் வைத்திருக்கின்றன. அதே கிருமி இலங்கையின் வயல் மண்ணில் இயற்கையாகவே வாழ்கிறது. கால் வெடிப்பு வழியாக உடலுக்குள் போகும். வைத்தியரிடம் "நான் கமக்காரன், சேற்றில் நின்றேன், எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது" என்ற மூன்றையும் சொன்னால் சரியான இரத்தப் பரிசோதனைக்கு வழி திறக்கும்.

வயலும் வார்ட்டும் கற்றுத்தந்தது

1995 மார்ச் 20ஆம் திகதி தோக்கியோ சுரங்க ரயில்களில் ஒரு மதக்குழு சரின் என்ற நச்சை விட்டது. சரின், நமது வயல்களுக்கு அடிக்கப்பட்ட ஓகனோபொஸ்பேற் வகைக் கிருமிநாசினிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. வீரியம் மட்டும் பன்மடங்கு. அறிகுறிகளும் அவையேதான்: கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், வாயில் எச்சில் வழியும், உடம்பு வியர்த்துக் கொட்டும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், தசைகள் துடிக்கும், மூச்சு முட்டும். முதல் மருந்தும் ஒன்றேதான்: அத்ரோபின்.

கிளிநொச்சியிலும் மாஞ்சோலையிலும் வவுனியாவிலும் கிருமிநாசினி குடித்தவர்களைக் காப்பாற்ற இரவிரவாக அத்ரோபின் ஏற்றிய தாதியர், உலகம் அஞ்சும் ஓர் ஆயுதத்துக்கான சிகிச்சையைத் தம்மையறியாமலே கைவரப்பெற்றிருக்கிறார்கள். அந்த அனுபவத்துக்குப் போதிய மருந்துக் கையிருப்பும், பாதுகாப்பு உடையும், வைத்தியசாலை வாசலிலேயே ஆளைக் கழுவ ஓர் இடமும் துணை நிற்க வேண்டும்.

கழுவும் இடம் ஏன் வேண்டும் என்பதையும் தோக்கியோவே சொல்லித்தந்தது. பலர் நடந்தும் டாக்சியிலும் போட்ட உடுப்போடு வைத்தியசாலைக்குள் வந்துவிட்டார்கள். அந்த உடுப்பிலிருந்து கிளம்பிய நச்சால், ஒரே வைத்தியசாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு அறிகுறி கண்டது. உடுப்பைக் களைவதாலேயே உடம்பில் பட்ட நச்சின் பெரும்பகுதி போய்விடும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை

1. காற்றுப் பாருங்கள். பனையோலையும் புகையும் எந்தப் பக்கம் சாய்கிறது? புகைக்குக் குறுக்கே விலகி, காற்று வரும் பக்கமாக மேட்டுக்குப் போங்கள். அந்தத் திசையில் குளக்கட்டு இருந்தால் அது நல்ல இடம். பதுங்கு குழி, வாய்க்கால், கிணற்றடி வேண்டாம்.

2. வெளியேற வழியில்லையென்றால் கதவு, சன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகி, மின்விசிறியை நிறுத்துங்கள். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடுங்கள்.

3. மேலே பட்டிருந்தால் உடுப்பைக் களையுங்கள். தலைவழியாக இழுக்காமல் வெட்டி எடுங்கள். இரட்டைப் பையில் கட்டித் தள்ளி வையுங்கள். சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணுக்கு 15 நிமிடம் ஓடும் தண்ணீர்.

4. நஞ்சு குடித்தவரை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். போத்தலையும் லேபலையும் வைத்தியசாலைக்குக் கூடவே கொண்டுபோங்கள்.

5. கிணற்றில் வேறு மணம், செத்த மீன், செத்த தவளை கண்டால் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று எண்ணாதீர்கள். கொதி கிருமியைக் கொல்லும், இரசாயனத்தை எடுக்காது. கிணற்றை மூடி வைத்து, பி.எச்.ஐ.க்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள்.

6. அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இந்த மூன்று இலக்கங்களையும் அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள்.

இதில் ஒரு பாடம் வன்னிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். கண்ணிவெடி விழிப்புணர்வில் கற்றது: தொடாதே, கிட்டப் போகாதே, அறிவி. காட்டுக்குள் கிடக்கும் துருப்பிடித்த சிலிண்டர், பெயரில்லாத பரல், வாசலில் கிடக்கும் தெரியாத பவுடர் எல்லாவற்றுக்கும் அதே பாடம்தான். பழைய இரும்பு விலைக்காக அவற்றைச் சுத்தியலால் தட்டாதீர்கள். கிருமிநாசினிப் பரலில் தண்ணீரும், சோடாப் போத்தலில் கிருமிநாசினியும் ஒருநாளும் ஊற்றாதீர்கள்.

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு

இலங்கை உயிரியல் ஆயுதத் தடை உடன்படிக்கையிலும் இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையிலும் கைச்சாத்திட்ட நாடு. பின்னதை நடைமுறைப்படுத்த 2007ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. நச்சு இரசாயனங்கள் எங்கே, யார் கையில் இருக்கின்றன என்று கண்காணிப்பது அரசின் கடமை. ஊருக்கு அருகே என்ன களஞ்சியப்படுத்தப்பட்டிருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் மாதிரியின் முடிவு என்ன என்று அறிய 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி தருகிறது. தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஒருவரின் உயிரோடு தொடர்புடைய தகவல் என்றால் 48 மணித்தியாலம். ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாலே போதும்.

பாதிப்பு வந்த பிறகும் வழி இருக்கிறது. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் பொதுநல வழக்காக உயர்நீதிமன்றம் போனது. 2019 ஏப்ரலில், நோர்தேர்ண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கிணற்றுக்காரருக்கு நீதிமன்றம் காது கொடுக்கும் என்பதற்கு வடக்கிலேயே உள்ள சாட்சி அது.

உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை, உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கொழும்புக்குப் போக வசதி இல்லாதவர்கள் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறையிடலாம். விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. மணமும் புகையும் கழிவும் அயலைத் துன்புறுத்தினால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி அதை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம். எந்த வழியில் போனாலும் திகதி, நேரம், படம், வைத்தியத் துண்டு, மாதிரி எடுத்தவரின் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

உரிமையோடு ஒரு பொறுப்பும் உண்டு. 2020இல் கொரோனாவுக்காக வவுனியா பம்பைமடுவில் மக்கள் தனிமைப்படுத்தப்பட்டபோது, கிருமியைவிட வேகமாகப் பரவியது வதந்தி. நோய்ப்பட்டவரின் பெயரையும் வீட்டுப் படத்தையும் பகிர்வது எவரையும் காப்பாற்றாது. அவமானத்துக்கு அஞ்சி அடுத்தவர் தன் காய்ச்சலை மறைப்பார், நோய் இன்னும் பத்து வீட்டுக்குப் போகும்.

அன்றைய கூட்டம் முடிகிற நேரத்தில் அந்த ஆச்சி மீண்டும் கேட்டார்: "காத்து எந்தப் பக்கம் எண்டு அந்த அவசரத்தில எங்களுக்கு என்னெண்டு தெரியும்?" நான் அவரிடமே திருப்பிக் கேட்டேன்: "சூடடித்த நெல்லைத் தூற்றும்போது எந்தப் பக்கம் நிற்பீர்கள்?" சோழகத்துக்கு எங்கே நிற்க வேண்டும், வாடைக்கு எங்கே நிற்க வேண்டும் என்று எழுந்து நின்று கையால் காட்டினார். பதர் தன் முகத்தில் விழாத பக்கம் அது. நச்சுக்காற்று வந்தாலும் நிற்க வேண்டிய பக்கம் அதுதான்.