ஒரு சீட்டுக்கட்டு, தினமும் பத்து நிமிடம்: வீட்டிலேயே குழந்தைக்குக் கணக்கு வருமா?

ஹார்பர் லைன் லோக்கலில் கசங்கி, கோவண்டியில் இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது மணி எட்டு. யூகேஜி படிக்கும் உங்கள் பிள்ளை ஒன்றிலிருந்து ஐம்பது வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. உங்களுக்கும் சந்தோஷம். இப்போது ஒன்று கேட்டுப் பாருங்கள்: "ஏழு பெருசா, ஒன்பது பெருசா?" பல பிள்ளைகள் திணறுவது இங்கேதான். ஒப்பிப்பது பாட்டு மாதிரி. அந்த எண் எவ்வளவு என்று புரிவது வேறு விஷயம்.

இதற்குப் புது ஆப் எதுவும் தேவையில்லை. சாதாரண சீட்டுக்கட்டு போதும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில்கூட அதை விரிக்க இடம் இருக்கும். ஜாக்கி, ராணி, ராஜாவை எடுத்துவிட்டால் மிச்சம் 40 சீட்டு. ஆஸ்தான் ஒன்று, அதன் மூலையில் பேனாவால் 1 என்று எழுதிவிடுங்கள். (ஊரிலிருந்து வந்த பாட்டி முறைத்தால், காசு வைத்து ஆடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.)

எந்த விளையாட்டானாலும் சரியா?

இல்லை. 1995-இல் மும்பை குடிசைப் பகுதிகளில் பணியைத் தொடங்கிய 'பிரதம்' அமைப்போடு சேர்ந்து, பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்ளோ, உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் டெல்லியில் 214 பாலர் வகுப்புகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குழந்தைகள் சில மாதங்கள் கணித விளையாட்டுகள் ஆடினார்கள். 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு சுவாரஸ்யமானது. எது அதிகம், எது குறைவு என்று பார்த்ததும் சொல்லும் திறன் வளர்ந்தது. ஒரு வருடம் கழித்தும் நிலைத்தது. ஆனால் பள்ளிக் கணக்கில் அது பலன் தரவில்லை.

காரணத்தை ஊகிக்கலாம். கண்ணுக்குத் தெரியும் அளவு, வாயில் சொல்லும் பெயர், எழுதும் இலக்கம் மூன்றும் பிள்ளையின் மனதில் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. சீட்டில் இரண்டு ஏற்கெனவே அச்சாகி இருக்கின்றன: மூலையில் 7, நடுவில் ஏழு ஆட்டின். மூன்றாவது உங்கள் வேலை. வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எப்படி ஆடுவது?

கட்டைப் பாதியாகப் பிரித்துக் கவிழ்த்து வையுங்கள். ஆளுக்கு ஒன்றாகத் திருப்புங்கள். பெரிய எண் வைத்திருப்பவருக்கு இரண்டு சீட்டும். ஆனால் "எட்டு, ஆறைவிடப் பெருசு" என்று சொன்னால்தான் எடுக்கலாம். சந்தேகம் வந்தால் பிள்ளை விரல் வைத்து எண்ணட்டும், அவசரப்படுத்தாதீர்கள். இது பழகியதும், பத்தை ஒதுக்கிவிட்டு ஒரு டஜன் சீட்டை நிமிர்த்திப் பரப்பி, கூட்டினால் பத்து வரும் ஜோடிகளைப் பொறுக்கலாம்: ஏழும் மூணும், ஆறும் நாலும்.

எந்த மொழியில் சொல்வது?

கோவண்டிப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், சந்தில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும். மராத்தியில் 21 என்பது 'ஏக்வீஸ்'. ஒன்று முதலில் காதில் விழும், கை எழுத வேண்டியதோ இரண்டை. இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் 2019-இல் மகாராஷ்டிராவின் இரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூல் 'வீஸ் ஏக்' என்ற முறையைக் கொண்டுவந்தது. மொழியைக் கெடுக்கிறார்கள் என்று சட்டமன்றம் வரை சண்டை போனது.

தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. 'இருபத்தி ஒண்ணு' என்று சொல்லும் வரிசையிலேயே எழுதலாம். அதனால் முதலில் தமிழில் ஆடுங்கள். முதல் வகுப்புப் பிள்ளை என்றால் பத்தை ஒதுக்கி, இரண்டு சீட்டைப் பக்கத்தில் வைத்து எண் உருவாக்கச் சொல்லுங்கள்: 2, 1 வந்தால் இருபத்தி ஒண்ணா, பன்னிரண்டா, எது பெருசு? தமிழில் சொன்ன பிறகு அதையே இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்க்கலாம்.

ஒன்பது முன்னால் வந்தால் மட்டும் கவனம். 'தொண்ணூறு' என்பதில் 'நூறு' ஒலிக்கிறது. பிள்ளை அதை நூறைவிடப் பெருசு என்று அடம்பிடித்தால், அந்த இடத்தில் தப்பு தமிழ் மேல்தான்.