பூண்டு அரைக்கும் இயந்திரத்துக்கு எந்த பேரிங்? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி என்றாலே பூண்டுதான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டும், வட மாநிலங்களிலிருந்து லாரியில் வந்து இறங்கும் பூண்டும் இங்கே கைமாறுகின்றன. மூட்டையாக விற்பதோடு நிற்காமல் உரித்த பூண்டு, பூண்டு விழுது, பூண்டுப் பொடி என மதிப்புக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் இயந்திரம் தேடுகிறார்கள். மோட்டார் எத்தனை எச்.பி., மணிக்கு எத்தனை கிலோ, பாத்திரம் 304 ஸ்டீலா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் என்ன ரகம், அது எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் வெள்ளை விழுதில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால் அன்று அரைத்தது முழுவதும் வீண். அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால் பல நேரம் பேரிங்கில் போய் நிற்கும்.

முதலில் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பேரிங்கின் பக்கவாட்டில் 6205 என்று பொறித்திருந்தால் 6 என்பது சாதாரண பால் பேரிங், 2 என்பது அதன் வரிசை, கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்கினால் 25 மி.மீ. தண்டு. 6206 என்றால் 30 மி.மீ. (04-க்குக் கீழே இந்தக் கணக்கு பொருந்தாது. 6203 என்றால் 17 மி.மீ.) பிளம்மர் பிளாக்கில் வரும் யூசிபி 205-ம் 25 மி.மீ. தண்டுக்கானதே.

இந்த 6205 பேரிங்கின் சுமைத்திறன் சுமார் 14 கிலோ நியூட்டன். அதாவது ஏறத்தாழ 1,400 கிலோ. சிறிய அரவை இயந்திரத்தில் ஒரு பேரிங் மீது 70 கிலோ சுமை விழுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடினாலும் ஏட்டுக் கணக்குப்படி அது சுமார் 90,000 மணி நேரம் தாங்க வேண்டும். தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் முப்பது ஆண்டுக்கு மேல். நடைமுறையில் ஒரு சீசன்கூடத் தாங்காமல் கத்தத் தொடங்குகிறது. சுமை தாங்காமல் அது சாகவில்லை என்பது இதிலிருந்தே தெரியும். தண்ணீர், உப்பு, தூசி, தவறான கிரீஸ் ஆகியவைதான் காரணம். ஆகவே "பெரிய சைஸ் போட்டுவிட்டேன், இனி கவலை இல்லை" என்று பட்டறையில் சொன்னால் உடனே திருப்தி அடைய வேண்டாம்.

சீல் எப்படி இருக்க வேண்டும்?

எண்ணுக்குப் பின்னால் இசட்இசட் என்று இருந்தால் இரு பக்கமும் தகட்டு மூடி. அது தூசியை ஓரளவு தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. 2ஆர்எஸ் என்று இருந்தால் உள்வளையத்தை உரசி நிற்கும் ரப்பர் சீல். கழுவி ஓட்டும் இயந்திரத்துக்கு இதுதான் வேண்டும். சாதாரண நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். நம் வேலை பெரும்பாலும் அதற்குள்தான். அதைவிட வெப்பம் அதிகமான இடங்களுக்கு மட்டும் வைட்டான் சீல் கேளுங்கள்.

காற்றழுத்தத்தில் பூண்டு உரிக்கும் இயந்திரத்தில் தொல்லை வேறு வகை. காகிதம்போல் பறக்கும் பூண்டுத்தோல் தண்டில் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அரித்துவிடும். அதன் தூள் கிரீஸை உறிஞ்சி பேரிங்கை வறட்சியாக்கும். சீலுக்கு முன்னால் தண்டிலேயே ஒரு வட்டத் தகடு மாட்டித் தோலை விலக்கிவிட்டால் போதும். லேத் பட்டறையில் சிறிது நேர வேலை.

ஸ்டெயின்லெஸ் பேரிங் தேவையா? உரித்துத் தரம் பிரிப்பதோடு நிறுத்துபவர்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. விழுது தயாரிப்பவர்கள் யோசிக்க வேண்டும். பூண்டு மட்டும் அரைத்தால் அமிலம் குறைவு. கெடாமல் இருக்க உப்பும் சிட்ரிக் அல்லது அசிட்டிக் அமிலமும் சேர்த்து பிஎச் அளவை 4.6-க்குக் கீழே இறக்குகிறோம். உப்பும் புளிப்பும் சேர்ந்தால் சாதாரண பேரிங் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆனால் ஸ்டெயின்லெஸ் பேரிங்குகளில் பரவலாகப் பயன்படும் 440சி உலோகம் கடினமானது என்றாலும் பாத்திரம் செய்யும் 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. ப்ளீச்சிங் பவுடர் கரைசல் தேங்கி நின்றால் அதுவும் குழிவிழும். விலையும் பல மடங்கு. எனவே உணவுக்கு அருகில் இருக்கும் ஒன்றிரண்டு இடங்களுக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ், மற்ற இடங்களுக்கு நல்ல சீல் உள்ள சாதாரண பேரிங் என்று பிரித்துக்கொள்ளலாம். பெயின்ட் அடித்த வார்ப்பிரும்பு பிளம்மர் பிளாக்கை உணவுக்கு மேலே மட்டும் வைக்கவே கூடாது. உரிந்த பெயின்ட் நேராக விழுதில் விழும். அங்கே பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் உறையில் வரும் பிளம்மர் பிளாக் கிடைக்கிறது.

எந்த ரகம் என்பதைவிட எந்த இடம் என்பது முக்கியம். அரவைத் தொட்டியின் சுவரிலேயே பேரிங்கைப் பதித்திருந்தால் சீல் தேய்ந்த அன்றே விழுது பேரிங்குக்குள்ளும் கிரீஸ் விழுதுக்குள்ளும் போகும். தொட்டிச் சுவரில் சீல் மட்டும் இருக்கட்டும். இரண்டு மூன்று விரற்கடை வெளியே தள்ளி பேரிங் இருக்கட்டும். நடுவில் உள்ள இடைவெளி திறந்தே இருந்தால் கசிவது எதுவானாலும் வெளியே சொட்டும், கண்ணுக்கும் தெரியும். மோட்டார் தலைக்கு மேல் இருக்கும் கலக்கிகளில் இது முடியாது. அங்கே ஆயுளுக்கும் கிரீஸ் அடைத்து மூடிய பேரிங்கும், அதன் கீழே சொட்டுத் தட்டும் வேண்டும்.

கிரீஸில் ஏமாறாதீர்கள்

வெள்ளை நிறமாக இருப்பதாலேயே ஒரு கிரீஸ் உணவுத் தரம் ஆகிவிடாது. டப்பாவில் என்எஸ்எஃப் எச்1 என்ற பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தற்செயலாக உணவில் பட நேர்ந்தால் பாதகமில்லாத பொருட்களால் ஆனது என்பது அதன் பொருள். அதற்கும் வரம்பு உண்டு. இவற்றில் சேரும் கனிம எண்ணெய்க்கு அமெரிக்க விதி அனுமதிக்கும் உச்ச அளவு பத்து லட்சத்தில் 10 பங்கு. எச்2 என்று இருந்தால் உணவு படவே வாய்ப்பில்லாத இடத்துக்கு மட்டும்.

பழைய லித்தியம் கிரீஸ் இருக்கும் பேரிங்கில் அப்படியே எச்1 கிரீஸை ஏற்றாதீர்கள். எச்1 ரகங்கள் பலவும் அலுமினியம் காம்ப்ளெக்ஸ் வகை. இரண்டும் கலந்தால் இளகி ஒழுகிவிடக் கூடும். பழையதை முழுதாகக் கழுவி எடுத்த பிறகே புதியது. உள்ளே இருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நிரப்பினால் போதும். நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து வழியும் வரை அழுத்துவது நம் ஊரில் பழக்கம். அந்த அழுத்தத்தில் சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும். வெப்பம் 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரி ஏறும்போதும் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்பது பேரிங் துறையில் வழங்கும் கணக்கு. மாம்பழக் கூழைச் சூடாக அனுப்பும் பம்புகளிலும் பொடிக்கான உலர்த்திகளிலும் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. வேலை முடிந்த சூட்டோடு குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். சூடான பேரிங் திடீரெனக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். நல்ல சீலும் இதற்குத் தாக்குப்பிடிக்காது. இயந்திரம் ஆறிய பிறகு கழுவுங்கள். தண்ணீரை நேராக சீல் மீது அடிக்காதீர்கள். கழுவியபின் வெறுமனே சில நிமிடம் ஓட்டிவிடுங்கள்.

பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்கள் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியத்துடன் கடன் வாங்கி இயந்திரம் எடுப்பவர்கள், விலைப்புள்ளியிலேயே பேரிங் எண், நிறுவனம், சீல் வகை, கிரீஸ் தரம் ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். "நல்ல கம்பெனி பேரிங்" என்ற வார்த்தை போதாது. மாற்று பேரிங்கை அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்குங்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் போலிகள் சந்தையில் நிறைய.

கழற்றிய பழைய பேரிங்கைக் குப்பையில் போடுவதற்கு முன் சீலை நெம்பிப் பாருங்கள். கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால், அல்லது செந்நிறத் துரு இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்துக் கெட்டியாகியிருந்தால் சூடு. தூள் கலந்து வறண்டிருந்தால் பூண்டுத்தோல். உருளும் பாதையில் குண்டுகளின் இடைவெளியிலேயே சிறு பள்ளங்கள் தெரிந்தால், மாட்டியவர் வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டித் தண்டில் ஏற்றியிருக்கிறார். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டுமே, குழாய்த்துண்டு வைத்துத் தட்ட வேண்டும்.