அடக்க விலையில் அடங்காதது

கணக்கு வீட்டுப்பாடத்தில் வரும் வணிகர் பெரும்பேறு பெற்றவர். அவருடைய மாம்பழங்கள் அழுகுவதில்லை. கடைக்கு வாடகை இல்லை. கடன் சொல்லிப் பொருள் வாங்குவோரும் இல்லை. ஆயினும் மாணவர்களின் உறக்கத்தைக் கெடுப்பதில் அவருக்கு இணை எவருமில்லை.

"வணிகர் ஒருவர் பழைய தையல் இயந்திரத்தை 4,200 ரூபாய்க்கு வாங்கினார். பழுதுபார்க்க 500 ரூபாயும் வண்டிக் கூலியாக 300 ரூபாயும் செலவிட்டு, அதனை 5,500 ரூபாய்க்கு விற்றார். இலாப விழுக்காடு எவ்வளவு?"

மும்பை, தாராவியில் வாழும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இலாபம் 1,300 ரூபாய் என எழுதினாள். விழுக்காடு கண்டபோது விடை புள்ளிக்குப் பின் முடிவின்றி நீண்டது. வீட்டுப்பாடக் கணக்கில் விடை இப்படி வால் நீட்டினால் ஐயுறுவதே நன்று.

இங்குத் தமிழ்ச்சொல்லே வழிகாட்டுகிறது. பொருளை வாங்கக் கொடுத்தது கொள்முதல் விலை. எல்லாச் செலவும் அடங்கியது அடக்க விலை. பழுதுபார்த்த செலவையும் வண்டிக் கூலியையும் சேர்த்தால் அடக்க விலை 5,000 ரூபாய். இலாபம் 500 ரூபாய், அதாவது 10 விழுக்காடு.

அடுத்த கணக்கு இன்னும் குறும்பானது. இரண்டு கடிகாரங்கள் தலா 1,200 ரூபாய்க்கு விற்கப்பட்டன. ஒன்றில் 20 விழுக்காடு இலாபம்; மற்றொன்றில் 20 விழுக்காடு நட்டம். இலாபமும் நட்டமும் சரிக்குச் சரி என்றே எவருக்கும் தோன்றும். ஆனால், விழுக்காடு அடக்க விலையின்மீது கணக்கிடப்படுவது. முதற்கடிகாரத்தின் அடக்க விலை 1,000 ரூபாய். மற்றதன் அடக்க விலை 1,500 ரூபாய். ஒன்றில் 200 ரூபாய் வந்தது. மற்றொன்றில் 300 ரூபாய் போயிற்று. முடிவில் வணிகருக்கு 100 ரூபாய் நட்டம். பேறு பெற்றவருக்கும் இப்படி ஒருநாள் வாய்க்கும் போலும்!

அம்மாணவியின் தந்தை மிதிவண்டியில் இட்லி விற்பவர். "அரிசியும் உளுந்தும் 420 ரூபாய். விற்பனை 1,600 ரூபாய். நாளொன்றுக்கு 1,180 ரூபாய் இலாபம்" என்று அவர் பெருமையுடன் கூறினார்.

"அப்பா, தேங்காயும் மிளகாயும்?" என்று கேட்டாள் மகள்.

"அது 260 ரூபாய் இருக்கும், அம்மா."

எரிவாயு 170 ரூபாய். இட்லி வைத்துக் கொடுக்கும் தட்டு 40 ரூபாய். மிதிவண்டிப் பழுதுக்கு நாளொன்றுக்கு 30 ரூபாய். அடக்க விலை 920 ரூபாயாக உயர்ந்தது. இலாபம் 680 ரூபாயாகச் சுருங்கியது. தந்தை தலையைச் சொறிந்தார்.

மகள் எழுதுகோலை வைக்கவில்லை. "அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிக்கிறார். அந்தக் கூலியை எவ்வளவு என்று எழுதுவது, அப்பா?"

தந்தை விடை தேடிக் கூரையைப் பார்த்தார். அடுக்களையிலிருந்து தாயின் குரல் வந்தது:

"எழுதாதே, கண்ணே! எழுதினால் உன் அப்பாவுக்கு நட்டம் வந்துவிடும்."