நாவின் உரிமை

கெடில நதிக்கரையில் பண்ருட்டியை அடுத்துள்ள திருவதிகை, திருநாவுக்கரசர் தமது முதற் பதிகத்தைப் பாடிய ஸ்தலமாகும். அப்பதிகத்தின் முதற் சொல்லிலேயே றகரம் இரட்டித்து நிற்கிறது. சந்நிதியில் அதை ஓதுவோரின் நாக்கு அவ்விடத்தில் ரகரச் சாயலோடு புரளும். அதே மனிதர் வெளியே வந்து பேசுகையில், காற்று 'காத்து' ஆகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தாரோ நுனிநாவை மேற்பல் ஈறுக்குப் பின்னால் அழுத்தி, ரகர அதிர்ச்சியின்றி வல்லோசையாகவே ஒலிக்கின்றனர். பழைய உச்சாரணத்திற்கு அதுவே அணித்தானது என்பது பாஷா சாஸ்திரிகளின் கொள்கை.

இவர்களுள் பிழைபட்டவர் யார் என்று தீர்ப்புக் கூற முற்படுவோர் இரண்டு விஷயங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒருவரே ஒரு சொல்லை இருவிதமாக ஒலிப்பது ஒன்று. ஊருக்கு ஊர் ஓசை வேறுபடுவது மற்றொன்று. முன்னதை நம் இலக்கணத்தார் நன்கறிவர். 'கல்' என்பதனோடு 'குறிது' சேருமிடத்து, 'கல்குறிது' என்றும் 'கற்குறிது' என்றும் இருவகையும் வரலாம் என்று தொல்காப்பியரும் பவணந்தியாரும் விதித்தனர். 'கற்குறை' என்னும் வேற்றுமைப் புணர்ச்சியிலோ அந்த உரிமை கிடையாது. வடமொழியார் விகல்பம் என்பதை நம்மவர் உறழ்ச்சி என்றனர். நிலம், நிலன், பந்தல், பந்தர் என்பனவற்றையும் போலி என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டனர்.

கொரியா தேசத்தார் இவ்விஷயத்தில் நம்மினும் கண்டிப்பானவர்கள். தென் கொரிய அரசாங்கம் 1988-ஆம் ஆண்டில் உச்சரிப்பு விதிகளைப் பிரகடனம் செய்தது. ருசியாயிருக்கிறது என்னும் பொருளுடைய சொல்லை 'மாதித்தா' என்பதே முறை. ஆயினும் ஜனங்கள் பெரிதும் வழங்கும் 'மாஸித்தா'வும் கூடும் என்று அவ்விதிகள் அனுமதிக்கின்றன. இலக்கணம் என்பதற்கு அவர்கள் சொல் 'முன்பொப்'. விரைந்து பேசுகையில் பலர் வாயில் அது 'மும்பொப்' ஆகிறது. இதை மட்டும் விதி ஒப்பவில்லை! இலக்கணத்தின் பெயரே இலக்கணத்திற்கு அடங்கவில்லை போலும். அந்நாட்டின் தென்கிழக்கே கியோங்ஸாங் பிரதேசத்தாரில் பலர் அழுத்திய ஸகரத்தையும் மெல்லிய ஸகரத்தையும் பிரிப்பதில்லை. ஆகவே அவர்கள் 'அரிசி' என்று சொன்னால், தலைநகரத்தார் செவியில் அது 'சதை' என்று விழும்.

நம் நாட்டில் அவ்வாறு அகப்பட்டுக்கொள்வது ழகரம். சென்னையைச் சூழ்ந்த வடபாகங்களில் பாமரர் வாயில் பழம் 'பயம்' ஆகும். தெற்கே பல ஜில்லாக்களில் 'பளம்' ஆகும். 'பயம்' என்று கூவி விற்பவனைக் கண்டு அஞ்சி ஓடியவர் எவருமில்லை. ஆயினும் அவன் மகன் பள்ளியில் வாய் திறந்தால் நகைக்கிறார்கள். அவன் வளர்ந்து பொதுக்கூட்ட மேடையேறினாலும் நகைக்கிறார்கள். நகைப்பவரும் வீட்டில் 'காத்து' என்பவரே. றகரத்திற்குத் தாம் தந்துகொண்ட சலுகையை ழகரத்திற்கு மறுப்பதற்கு இவர்கள் காட்டும் நியாயம் யாது? எழுத்தில் ழகரம் பிழையின்றி நிற்க வேண்டும் என்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. மேடைக்குரிய உச்சாரணத்தைப் பள்ளியில் பயிற்றுவதும் அவசியமே. அதற்காக மாணவனின் ஊர்ப்பேச்சை இழிவென்று கூறும் ஆசிரியர், தொல்காப்பியத்தில் திசைச்சொல்லுக்கும் இடமளித்த பகுதியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக.