ஆஸ்பத்திரியில் தினமும் கறக்கும் பசு, தெரியுமா?

உங்கள் வீட்டில் யாருக்காவது எலும்பு ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா? அப்படியானால் எந்தச் சுரங்கத்திலும் வெட்டி எடுக்காத ஒரு தனிமம் அவர் உடம்புக்குள் போய் வந்திருக்க வேண்டும்! அதன் பெயர் டெக்னீசியம்.

தனிம வரிசை அட்டவணையில் 43-ஆம் கட்டம் வெகுகாலம் காலியாகவே கிடந்தது. 1937-இல் அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து சிசிலித் தீவின் பலெர்மோ நகருக்குத் தபாலில் ஒரு மாலிப்டினத் தகடு வந்தது. சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் அடிபட்டு, கழற்றிப்போட்ட தகடு. அதற்குள்தான் விஞ்ஞானிகள் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் அந்த 43-ஐப் பிடித்தார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம், தபாலில் வந்திருக்கிறது!

ஆஸ்பத்திரிக்கு வேண்டியது அதில் ஒரு வகை, டெக்னீசியம்-99எம். அரை ஆயுட்காலம் வெறும் 6 மணி நேரம். இன்று காலை இருந்ததில் நாளைக் காலை மிச்சம் பதினாறில் ஒரு பங்குதான். எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடானுகோடி அணுக்களில் பாதி 6 மணி நேரத்தில் சிதைந்துவிடும் என்ற கணக்கு மட்டும் பிசகுவதே இல்லை. என்ன ஒரு அதிசயம்! நோயாளிக்கோ இது வரம். படம் எடுக்கும்வரை இருக்கும், அப்புறம் அடங்கிவிடும்.

இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோவதைத் தூரத்து ஊருக்கு எப்படி அனுப்புவது? அனுப்புவதே இல்லை! அதைப் பெற்றெடுக்கும் மாலிப்டினம்-99-ஐ அனுப்புகிறார்கள். அதன் அரை ஆயுள் 66 மணி நேரம். ஈயக் கவசத்துக்குள் ஒரு சின்னக் குழாய், அதில் அலுமினாத் தூள். மாலிப்டினம் தூளை இறுகப் பிடித்துக்கொள்ளும். சிதைந்து பிறக்கும் டெக்னீசியத்துக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. காலையில் ஊழியர் ஒரு பக்கம் சலைன் புட்டியும் மறுபக்கம் காற்று நீக்கிய காலிப் புட்டியும் செருகுவார். சலைன் தானாக இழுபட்டு ஓடி, டெக்னீசியத்தை மட்டும் அலசிக்கொண்டு வந்து விழும். இந்தத் துறைக்காரர்கள் இந்தப் பெட்டியைச் செல்லமாக ‘பசு’ என்கிறார்கள், செய்யும் வேலை ‘கறப்பது’! நாளைக்கு மறுபடி ஊறியிருக்கும். ஏறக்குறைய ஒரு வாரம் இப்படிக் கறக்கலாம். 1950-களின் கடைசியில் நியூயார்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை இது.

கறந்ததைச் செஸ்டமிபி என்ற மருந்தோடு சேர்த்தால் இதயத் தசைக்குப் போகும். பாஸ்பரஸ் அடங்கிய வேறொரு மருந்தோடு சேர்த்தால் எலும்புக்கு. ஊசி போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இரண்டு மூன்று மணி நேரம் காக்க வைக்கிறார்களே, எலும்பு பிடித்தது போக மிச்சம் சிறுநீரில் வெளியேறத்தான். பிறகு படம் எடுக்கும் காமா கேமரா எதையும் உடம்புக்குள் பாய்ச்சாது. உள்ளேயிருந்து வரும் காமா கதிரைத்தான் வாங்கிப் படமாக்கும்!

இத்தனைக்கும் மாலிப்டினம் வருவது உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய அணு உலைகளிலிருந்து. சேர்த்து வைக்கவும் வழியில்லை, சிதைந்துகொண்டே இருக்குமே! 2009-இல் கனடாவின் சாக் ரிவர் உலையில் கசிவு கண்டு மூடியபோது, பல நாடுகளில் நோயாளிகளின் ஸ்கேன் தள்ளிப்போனது.